கீழக் கோயிலில் ஓர் இடம்

1

இந்த நாட்டில் கிறிஸ்தவர் என்று ஒருவர் கிடையாது. வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே நகராட்சி அலுவலகத்தில் அதை எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியில் குடியேறுகிறவர்கள் முகவரியைப் பதியும்போது மதத்தையும் சொல்ல வேண்டும். கோயிலுக்கான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள அது வேண்டுமாம். நான் கிறிஸ்தவள் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி தலையை நிமிர்த்தாமலே, எந்தக் கிறிஸ்தவர் என்று கேட்டார். இயேசுவை வணங்குகிற கிறிஸ்தவர் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

கத்தோலிக்கமா, புரொட்டஸ்டன்ட்டா? எங்கள் வீட்டு வழக்கப்படியே சொன்னேன். வீட்டுக்காரர் புரொட்டஸ்டன்ட். நானும் கைக்குழந்தையாக இருந்த மகள் ரூத்தும் கத்தோலிக்கம். ஒரே குடும்பத்தில் இது எப்படி என்று அந்த அம்மா மறுபடியும் கேட்டார். தப்பு ஒன்றும் இல்லை, ஏற்காட்டில் நாங்கள் அப்படித்தான் என்றேன். ஏற்காடு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது ரூத்துக்குப் பதினான்கு வயதாகப் போகிறது. இங்கே அந்த வயது வந்துவிட்டால் எந்த மதம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளலாம். பெற்றவர்கள் வாயைத் திறக்க முடியாது. பள்ளியில் மத வகுப்பு நேரம் வந்தால் பிள்ளைகள் எழுந்து மூன்று அறைகளுக்குப் பிரிந்து போவார்கள். கத்தோலிக்கருக்கு ஒன்று, புரொட்டஸ்டன்ட்டுக்கு ஒன்று, இரண்டும் வேண்டாதவர்களுக்கு ஒழுக்கவியல் என்று ஒன்று. ரூத் இனிமேல் மூன்றாவது அறைக்குப் போகிறாளாம். தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒரே சாமிதானே அம்மா, அப்புறம் ஏன் இத்தனை ரூம்?"

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வருகிற உடம்புக்கு அந்தக் கேள்வி தாங்கவில்லை. சாப்பிடு, ஆறிப்போகும் என்றேன். அந்த வாரமே அண்ணன் ஊரிலிருந்து கூப்பிட்டு அம்மாவின் கல்லறை இடத்தைப் பற்றிச் சொன்னான். அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். காபிச் செடிக்கு நடுவே களை பிடுங்குகிற அளவுக்குத் தெம்பாகவும் இருக்கிறாள்.

2

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தார். புரொட்டஸ்டன்ட். அம்மா கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் அந்தப் பெயர்களை யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மாவின் கோயில் மேட்டில் இருந்ததால் மேலக் கோயில், அப்பாவின் கோயில் சரிவில் இருந்ததால் கீழக் கோயில். அவ்வளவுதான். கல்யாணம் மேலக் கோயிலில் நடந்தது. அப்பா தாலி கட்டினார், கோயில் மாறவில்லை. அம்மாவையும் மாறச் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆண் பிள்ளை அப்பாவோடு, பெண் பிள்ளை அம்மாவோடு. அண்ணன் தானியேல் கீழே போனான், நான் மேலே போனேன். மேலக் கோயில் ஃபாதருக்கு இது பிடிக்கவில்லை. கீழக் கோயில் போதகருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் பிடிக்காததால் அது நியாயமான ஏற்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் எங்கள் ஊரான வெள்ளக்கடையிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். இரண்டு ரோடும் பிரிகிற ஒண்டிக்கடையில் இறங்கி, அங்கே பிரிவோம். பூசை முடிந்ததும் மறுபடி ஒண்டிக்கடைக்குத்தான் வர வேண்டும். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் அங்கே டீக்கடை ஓரமாக மற்றவர்களுக்காக நிற்க வேண்டும். எப்போதும் முதலில் வருவது நாங்கள்தான். எங்கள் பூசை அளவாக முடிந்துவிடும். கீழக் கோயிலில் பிரசங்கம் என்று ஆரம்பித்தால் போதகருக்கு நேரம் காலம் தெரியாது. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கீழ் ரோட்டைப் பார்த்து நிற்பாள். கடைக்காரர் டீ வேண்டுமா என்று கேட்டால், அவரு வந்துரட்டுங்க என்பாள். எனக்குப் பசிக்கும், கால் வலிக்கும், ஸ்வெட்டர் நனைந்து நாறும். பனிக்குள்ளிருந்து அப்பாவின் தொப்பி தெரிந்ததும்தான் அம்மா கடைக்காரரைத் திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காலம் காலமாகச் சாமையும் ஆரஞ்சும் போடுகிற மலைக்காரக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்கா அம்மாவைச் சீண்டுவார். ஏனுங்க, உங்க சாமி ஒண்ணுதானுங்களே, புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு கோயிலுக்குப் போறீங்களே என்பார். உங்களுக்கு மட்டும் ஊருக்கொரு மாரியம்மா இல்லீங்களா என்று அம்மா திருப்புவாள். அதோடு பேச்சு முடிந்து இருவரும் களை பிடுங்கப் போய்விடுவார்கள். எங்கள் மலையில் இறையியல் விவாதம் அந்த அளவில்தான் நடந்தது.

அப்பா போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். கீழக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அது அம்மாவுக்கு என்று நாங்கள் எல்லோரும் மனதுக்குள் வைத்துக்கொண்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

இப்போது கீழக் கோயில் கமிட்டி கேட்கச் சொல்லிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைந்துவிட்டது. சபை அங்கத்தினர் அல்லாதவருக்காக இடத்தை ஒதுக்கிவைக்க முடியாது. இன்னொரு குடும்பம் கேட்கிறது. அம்மா சபையில் சேர்ந்தால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் இல்லை. அப்பாவின் நினைவு நாளுக்குள் பதில் வேண்டும்.

3

ரூத் விடவில்லை. அவளுக்குப் பதில் வேண்டும், அதுவும் ஒழுங்கான பதில். இங்கே வளர்கிற பிள்ளைகளிடம் "அது அப்படித்தான்" என்று சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

முதலில் இயேசு யார் என்பதிலேயே சண்டை வந்தது. அவர் எந்த அளவுக்குக் கடவுள், எந்த அளவுக்கு மனிதர் என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்தபோதும் யாராவது கோபித்துக்கொண்டு போனார்கள். பிறகு கிரேக்கம் பேசியவர்களும் லத்தீன் பேசியவர்களும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல், யார் பெரியவர் என்றும் பிடிபடாமல், கிழக்கு மேற்கு என்று பிரிந்தார்கள். அப்புறம் இதே ஜெர்மனியில் ஒரு துறவி, பாவ மன்னிப்பைக் காசுக்கு விற்பது என்ன நியாயம் என்று கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்த சிற்றரசர்களுக்கு வேறு கணக்குகள் இருந்தன. இங்கிலாந்தில் ஒரு ராஜாவுக்கு மறு கல்யாணம் வேண்டியிருந்தது. குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று சிலர் பிரிந்தார்கள். பரிசுத்த ஆவி இறங்கவில்லை என்று சிலர் பிரிந்தார்கள்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று உண்டு. பிரிந்தவர்கள் யாரும் பிரிகிறோம் என்று சொல்லிப் பிரியவில்லை. எல்லோரும் ஆதியில் இருந்த வழிக்கே திரும்பிப் போகிறோம் என்று சொல்லித்தான் கிளம்பினார்கள். ஆதிக்குத் திரும்புவதற்கே இத்தனை ரோடு போட்டிருக்கிறோம்.

"நம்ம ஊட்டுல எப்படிப் பிரிஞ்சது?" என்றாள் ரூத். வீட்டை ஊடு என்பதை மட்டும் அவள் என் அம்மாவிடமிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் அவசியமே இருக்கவில்லை. அப்பாவின் தாத்தா வேலை பார்த்த எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை புரொட்டஸ்டன்ட். துரை போன கோயிலுக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்த அவரும் போனார். அம்மாவின் வகையறாவில் காய்ச்சல் வந்து ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில் கஞ்சி ஊற்றியது கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள். எந்தக் கப்பலில் எந்த மிஷன் வந்தது, அது எந்த வளைவில் கூடாரம் போட்டது என்பதில் எங்கள் விசுவாசம் முடிவாகிவிட்டது. சமவெளியில் இன்னும் மோசம். ஒரே சபைக்குள் சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்ட ஊர்களும் உண்டு. அதற்கு எந்தத் துறவி மீதும் பழி போட முடியாது. அது நம்முடைய சொந்தச் சரக்கு.

ரூத் ஒரு சட்டையைத் தப்பாக மடித்து வைத்தாள். "அப்ப இது சாமி இல்ல அம்மா. மேப்."

நான் அந்தச் சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன். முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இருக்கிற ஒரு பாட்டியம்மா, இளமையில் எதிர்வீட்டுப் பையனைக் கட்ட முடியாமல் போன கதையை அடிக்கடி சொல்வார். அவன் மற்ற கோயிலாம். பெண்ணின் அப்பா செத்துப்போவேன் என்றாராம். இன்று அந்த இரண்டு கோயில்களும் சேர்ந்து கோடை விழா நடத்திப் பொரித்த இறைச்சி விற்கின்றன. இரண்டுக்கும் போக ஆள் இல்லை. அந்தப் பாட்டியம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

4

கமிட்டிச் செயலாளர் சாமுவேல் அண்ணன் அப்பாவின் கூட்டாளி, ஊருக்கே அண்ணன். கெட்டவர் அல்ல. அதுதான் சிரமம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். இங்கே காலை இடைவேளையில், முதியோர் இல்லத்துக் கிடங்கு வாசலில் நின்று அவருக்குப் போன் போடுவேன். அவர் முதலில் என் உடம்பைப் பற்றி, பிறகு குளிரைப் பற்றி விசாரிப்பார். பிறகு மன்னிப்புக் கேட்கிற குரலில் அதையே சொல்வார்.

"நாங்க என்ன பண்றது கண்ணு. இன்னைக்கு உங்கம்மாவுக்கு உட்டம்னா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. ஒரு ஞாயித்துக்கெழம வந்து சபைக்கு முன்னால நிக்கட்டும், ஒரு கையெழுத்துப் போடட்டும். நொம்ப ஒண்ணும் கேக்கலையே."

தானியேல் அண்ணனிடம் சொன்னேன். அவன் இப்போது மேலும் இல்லை கீழும் இல்லை. செம்மநத்தம் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஜெபவீட்டில் முங்கி ஞானஸ்நானம் எடுத்து சில வருஷங்கள் ஆகின்றன. ஆக, ஒரே வீட்டில் மூன்று சபை. அம்மா எங்கே படுத்தால் என்ன, கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எல்லோரும் எழுந்திருக்கத்தான் போகிறோம் என்றான். எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்தில் படுத்திருக்கட்டுமே என்று எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களைச் செத்த பிறகு பிரித்து வைப்பதற்கா இத்தனை வேதம் படித்தோம்?

இதில் அம்மாவை விட எனக்குத்தான் வேகம். தூரத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான். அருகில் இருந்து ஒரு வேளைக் கஞ்சி கொடுக்க முடியாதவள், கல்லறையையாவது சரிப்படுத்திவிட வேண்டும் என்று நின்றேன். ஒரு கையெழுத்துதானே அம்மா, கடவுள் ஒருவர்தானே என்று போனில் மன்றாடினேன். அம்மா யோசிக்கிறேன் என்றாள். அடுத்த முறை, சரி, நீ வா, போவோம் என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோடை விடுமுறையில் ரூத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

5

ஆகஸ்டு மாதத்து ஏற்காடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி காயாது. ரூத் வந்த அன்றே தும்ம ஆரம்பித்தாள். அப்பாவின் நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தது. அம்மா வெள்ளைச் சேலை கட்டி, மேலக் கோயிலுக்குக் கொண்டுபோகிற அதே ஜெபமாலையைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழக் கோயிலில் அது எதற்கும் உதவாது. நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

ஒண்டிக்கடையில் இறங்கினோம். அம்மா ஒரு நொடி மேல் ரோட்டைப் பார்த்தாள். பிறகு எங்களோடு கீழே நடந்தாள்.

சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர அவள் அந்தக் கோயிலுக்குள் போனதில்லை. சாமுவேல் அண்ணன் வாசலிலேயே வந்து கையைப் பிடித்து, முன்வரிசையில் உட்காரவைத்தார். அன்போடுதான் செய்தார். பிரசங்கம் நான் பயந்தபடியே நீண்டது. ரூத் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. எல்லோரும் எழுந்து சொன்னோம். இந்த ஜெபத்தில் ஒரு விஷயம் உண்டு. கத்தோலிக்கர்கள் ஓர் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். புரொட்டஸ்டன்ட்டுகள் அதற்கு மேல் ஒரு வரி சேர்த்துச் சொல்லித்தான் முடிப்பார்கள். அம்மா தன் இடத்தில் நிறுத்தினாள். கோயில் முழுக்க அந்தக் கடைசி வரியைச் சொன்னது. அவள் வாயை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். வீட்டில் சாயங்கால ஜெபத்தில் நால்வரும் சேர்ந்து சொல்வோம். அம்மாவும் நானும் நிறுத்தியதும், சின்ன வயது முதலே கூச்சப்பட்டு அண்ணனும் நிறுத்திவிடுவான். அப்பா மட்டும் தனியாக அந்த வரியைச் சொல்லி முடிப்பார். அம்மா இப்படித்தான் தலையைச் சாய்த்து, அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆராதனை முடிந்து பக்கத்து அறையில் உட்கார்ந்தோம். போதகர், சாமுவேல் அண்ணன், இன்னும் ஒருவர். பெயரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவை எடுத்து அம்மாவிடம் நீட்டியது நான்தான்.

அம்மா அதை வாங்கவில்லை. "ஏனுங்ணா, அந்த எடத்த கேக்கறவங்களுக்கே குடுத்துருங்க" என்றாள் சாமுவேல் அண்ணனிடம்.

போதகர் மெதுவாக, இதில் கட்டாயம் ஒன்றும் இல்லை, ஆனால் என்ன தடை என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார்.

"தடையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்க கோயில்ல சேந்தா அந்தக் கடைசி வரிய நானும் சொல்லோணும்ங்க. ஊட்டுல அதைய அவரு ஒருத்தரு சொல்லுவாரு, நான் கேட்டுட்டிருப்பேன். இன்னி வரைக்கும் நான் நிறுத்துனதும் எனக்கு அவரு குரலுதானுங்க கேக்குது. நானே சொல்ல ஆரமிச்சுட்டா அது கேக்காதுங்க."

சாமுவேல் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விமானம் ஏறி வந்து, லீவுக்கு மேலாளரிடம் கெஞ்சி, இத்தனை போன் செய்து, கடைசியில் இதற்கா? வெளியே வந்ததும் நான் முன்னால் நடந்துவிட்டேன். பின்னால் ரூத் தன் பாட்டியின் குடைக்குள் நடந்து வந்தாள்.

6

திரும்பி வந்தோம். வேலை, பஸ், மழை, தூக்கம். ரூத்துக்குப் பிறந்த நாள் வந்தது. கேக் வெட்டினாள். மறு வாரம் ஒழுக்கவியல் வகுப்புக்கு மாறிவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரர் இருபது வருஷமாக எந்தக் கோயிலுக்கும் போகாதவர், அவருக்குமே ஏதோ பறிபோனது போல இருந்தது. இதற்கா கடல் கடந்து வந்தோம் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியையும் நாங்கள் பலமுறை கேட்டுக் களைத்துவிட்டோம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பினால் அவளும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கூடவே டிராமில் வருகிறாள். உள்ளே வருவதில்லை. கோயிலுக்கு எதிரே ரொட்டிக்கடை வாசலில் பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறாள். நான் வெளியே வந்ததும் உள்ளே போய் எங்கள் இருவருக்கும் காபி வாங்குகிறாள். முன்னாடியே வாங்கிக் குடித்திருக்கலாமே என்றால், தோளைக் குலுக்குகிறாள். இங்கே பிள்ளைகளுக்குத் தோளைக் குலுக்குவதுதான் பதில். இதை எங்கே எழுதிப் பதிய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நகராட்சி அலுவலகத்தில் இதற்கு இடம் இருக்காது.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டான். அப்பாவுக்குப் பக்கத்தில் வேறு ஒருவரை அடக்கம் செய்துவிட்டார்களாம். நல்ல மனிதராம், அப்பாவுக்கும் தெரிந்தவர்தானாம். இனி அந்த இடம் இல்லை. எதிர்பார்த்ததுதான். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அப்பா அங்கே கீழே தனியாக, நீ மேலே தனியாக, இதை எப்படியம்மா விட்டாய் என்று கேட்டேன். என் குரல் உடைந்தது அவளுக்குக் கேட்டிருக்கும்.

அம்மாவின் பின்னணியில் மழை கேட்டது.

"அழுவாத சாமி. எப்பவும் எங்க பூசை முன்னாடி முடிஞ்சிரும். கொடையப் புடிச்சிட்டு நாந்தான் நிப்பேன், நீயுந்தான் நின்ன. இந்த வாட்டி அவருக்கு முன்னாடி முடிஞ்சிருச்சு. அவரு நிக்கட்டும்."